முழுங்குகிறவர் சொல்லட்டும்

மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்கள் என் அண்ணிக்கு வைத்திருக்கும் பெயர் ‘எதுக்கக்கா’. ஆசையாக வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். கால் கடுக்க நின்ற எரிச்சலில் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் பகுதி மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்திருப்பாள். சீட்டை வாங்குவாள், படிப்பாள், மாத்திரை அட்டைகளை எடுத்து வருவாள். வேறு இடமாக இருந்தால் அதோடு கதை முடிந்தது. அண்ணி அட்டையை ஜன்னல் பலகையில் வைத்து, அதன் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு, “இது எதுக்குங்க?” என்று கேட்பாள். இன்ன தொந்தரவுக்கு என்று வந்தவர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் விரல் அட்டையை விட்டு எழும்.

“எனக்கென்னம்மா தெரியும், நீ படிச்சவ, நீயே சொல்லு” என்பார்கள்.

“டாக்டர்கிட்ட என்ன பண்ணுதுன்னு சொன்னீங்களோ அத மட்டும் சொல்லுங்க, போதும்” என்பாள்.

ஒருமுறை முட்டி வலிக்கு வந்த தையல்காரர் ஒருவர், அண்ணி காட்டிய ஒவ்வொரு அட்டைக்கும் “முட்டிக்கு” என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அதில் ஒன்று சர்க்கரை மாத்திரை. அவருக்குச் சர்க்கரையே கிடையாது. முன்னால் போனவருடைய பக்கம் டாக்டரின் கணினியில் மூடாமல் கிடந்திருக்கிறது, அதிலேயே இவருக்கும் எழுதிவிட்டார். அண்ணி ஜன்னலைச் சாத்திவிட்டுச் சீட்டோடு டாக்டர் அறைக்குப் போனாள். “டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம்” என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பாள். தப்பு என்ற சொல்லை அவள் அந்த அறைக்குள் கொண்டுபோனதே கிடையாது. டாக்டரும் நல்ல மனிதர். தலையில் கையை வைத்துக்கொண்டு, “நல்லவேளைம்மா” என்று மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. அன்று வேலை முடிந்ததும் ஒரு தாளை எடுத்தாள். என்ன நடந்தது, எப்படி நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று எழுதி, வராந்தாவில் இருக்கும் பெட்டிக்குள் போட்டாள். இப்படிப்பட்ட தாள்களுக்காகவே மாட்டிய பெட்டி அது. அண்ணி வேலைக்குச் சேரும்வரை அதற்குள் மிட்டாய்க் காகிதங்கள்தான் விழுந்துகொண்டிருந்தனவாம். நர்ஸுகள் அதற்குக் ‘கோள் பெட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணியின் தாளில் ஒருவர் பெயரும் இருக்காது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆனது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். சாயங்காலம் அண்ணியை அழைத்துவரப் போனால், வரிசையில் நிற்பவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். “உங்க அண்ணி ஏம்மா இப்படி உசுர வாங்குது?” நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் படும். ஒருநாள் வண்டியில் வரும்போது கேட்டேவிட்டேன்.

“அண்ணி, ஒரே ஒரு நாள் கேக்காம குடுத்துதான் பாருங்களேன்.”

“நீ பிள்ளைங்க ஏறிட்டாங்களான்னு திரும்பிப் பாக்காம வண்டிய எடுப்பியா, டிரைவரம்மா?”

எடுக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அது ஒரு காலத்தில் அப்பாதான். பஸ் கண்டக்டராக இருந்தவர். முன்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் எழுந்து இறங்குவான். பக்கவாதம் வந்து போன பிறகு கையும் காலும் ஏறக்குறையப் பழையபடி ஆகிவிட்டன, பேச்சு மட்டும் ஆகவில்லை. வார்த்தைகள் தொலைந்துபோகவில்லை, தாமதமாக வந்தன. “டீ வேணுமாப்பா?” என்று கேட்டால் அவர் வாய் திறக்கும், உதடு அசையும், கண் சுருங்கும், அப்புறம்தான் “வேணும்” வரும். அதற்குள் அம்மா டீயையே கொண்டுவந்து வைத்திருப்பாள்.

அம்மா அவருக்காகவே பேசிப் பழகிவிட்டாள். எங்கே வலிக்கிறது, என்ன பிடிக்கவில்லை, ராத்திரி ஏன் விழித்துக்கொண்டார், எல்லாவற்றுக்கும் பதில் அம்மாவிடமிருந்துதான் வரும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதனால் நாங்களும் கேள்வியை அப்பாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்கு அம்மா பக்கம் திரும்பிவிடுவோம். அம்மாவுக்கு என்று எந்த நோயும் கிடையாது. யாராவது விசாரித்தால், “எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்” என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவாள்.

மாதா மாதம் இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்குப் போவார்கள். அந்த மாதம் அப்பாவின் சீட்டில் புதிதாக ஒரு சின்ன மாத்திரை சேர்ந்திருந்தது. ஜன்னலில் அண்ணி அதைப் பலகையில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு, வழக்கம்போல, “இது எதுக்கு மாமா?” என்று கேட்டாள்.

“இவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதும்மா. வந்து வந்து போகுது. காலையில ஒண்ணு எடுத்துக்கச் சொன்னாரு டாக்டர்” என்றாள் அம்மா.

பதிலில் ஒரு குறையும் இல்லை. சீட்டில் எழுதியிருந்ததும் அதுவேதான். அப்பா வாயைத் திறந்தார். அண்ணி அதைப் பார்த்தாள். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. முன்னால் நிற்பது மாமியார். யாரோ ஒரு அம்மாவாக இருந்தால், “நீங்க சும்மா இருங்க, அவர் சொல்லட்டும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். மாமியாரை நான்கு பேர் முன்னால் அப்படிச் சொல்ல எந்த மருமகளுக்கு நா எழும்? அண்ணி விரலை எடுத்துவிட்டாள்.

வீட்டில் அப்பாவின் மாத்திரை டப்பாவை நிரப்புவது அண்ணியின் பொறுப்பு. காலை, மதியம், இரவு என்று அறை அறையாகப் பிரித்த டப்பா. புது மாத்திரையும் காலை அறைகளுக்குள் போனது.

அதற்குப் பிறகு அப்பா மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போனார். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. நாற்காலியிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்தார். இன்னொரு பக்கவாதம் வரப்போகிறதோ என்று பயந்தேன். வெளியே சொல்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அடுத்த மாத முறைக்காகக் காத்திருக்க வேண்டாம், முன்னாலேயே காட்டிவிடலாம் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு காலையில் அப்பா எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார்.

அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். “நாடி ரொம்ப மெதுவா இருக்கு. வண்டிய எடு” என்றாள். நான் வேன் சாவியோடுதான் நின்றிருந்தேன். பிள்ளைகளை அழைத்துவர வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் உட்காரும் நீள சீட்டில் அப்பாவைப் படுக்க வைத்தோம். அம்மா தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசாமல் நான் பார்த்தது அன்றுதான்.

மருத்துவமனையில் கட்டிலில் போட்டார்கள், ஊசி போட்டார்கள், குழாய் மாட்டினார்கள். டாக்டர் சீட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “இது நாடிய மெதுவாக்குற மாத்திரை. படபடப்புன்னு சொன்னதால சின்ன அளவுலதான் குடுத்தேன். இவருக்கு ஏன் இப்படி இறங்கணும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அந்த மாத்திரையை உடனே நிறுத்தினார். மதியத்துக்குள் அப்பா கண்ணைத் திறந்துவிட்டார், உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள்.

அண்ணி வீட்டிலிருந்து மருந்துப் பையை அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்தவள், புது மாத்திரையின் அட்டைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். டப்பாவில் போட்டதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மீதி இருக்க வேண்டிய மாத்திரைகள் அட்டையில் இல்லை. அப்பாவுக்குப் போனது போக, அதே அளவு வேறெங்கோ போயிருந்தது.

அட்டையை அப்பாவின் போர்வைமேல் வைத்தாள். ஒரு முனையை விரலால் அழுத்தினாள்.

“இது எதுக்கு மாமா?”

அப்பா வாயைத் திறந்தார். நான் என் வழக்கப்படி ஏதோ சொல்லப் போனேன். அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னொரு கையை உயர்த்தி நிறுத்தினாள். நாங்கள் காத்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி ஓய்ந்தார்கள். அப்பாவின் உதடு இரண்டு முறை வெறுமனே அசைந்தது.

“எனக்கு... இல்ல” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அவளுக்கு” என்றார்.

அண்ணி அப்போதும் குறுக்கே பேசவில்லை. இன்னும் ஏதோ வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“அன்னிக்கே... சொல்ல வந்தேன். ஜன்னல்ல.”

“அப்புறம் ஏன் மாமா தினமும் முழுங்கினீங்க?”

இதற்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. அப்பா அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ... வெச்சியே. சரியாத்தான்... இருக்கும்னு.”

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து, சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். ராத்திரி படுத்தால் நெஞ்சு ஓடுகிற ஓட்டத்தில் தூக்கமே வருவதில்லையாம். டாக்டரிடம் அதைச் சொல்லத்தான் போயிருக்கிறாள். அங்கே போய் உட்கார்ந்ததும் ‘இவருக்கு’ என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அப்பாவைப் பார்த்து, “அப்படியா?” என்று கேட்டிருக்கிறார். “அவருக்குச் சொல்ல வராது டாக்டர்” என்று அதற்கும் அம்மாவே பதில் சொல்லியிருக்கிறாள்.

“நான் எடுத்துக்கலாம்னுதான். தினமும் ஒண்ணு எடுத்துக்கிட்டும் இருந்தேன். எனக்கும் முடியலன்னு தெரிஞ்சா இவர் பயந்துடுவாரு. நானும் படுத்துட்டா இவர யாரு பாத்துப்பா? நீ டப்பாவுல போடுவேன்னு எனக்குத் தோணவே இல்லம்மா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மாமேல் காட்ட முடியவில்லை, அவள் இருந்த இருப்பு அப்படி. அண்ணிமேல் பாய்ந்தேன். “ஊரையெல்லாம் எதுக்கு எதுக்குன்னு கேக்குறீங்க. எங்க அப்பாகிட்ட மட்டும் கேக்கலியே?”

“கேட்டேன்” என்றாள் அண்ணி. “பதில் வர்ற வரைக்கும் நிக்கல.”

வெளியே போய் வேனில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் அழுதுவிட்டு வந்தேன். வந்தபோது அண்ணி அம்மாவை டாக்டர் முன்னால் உட்கார வைத்திருந்தாள். அம்மாவின் நெஞ்சில் கருவிகளை ஒட்டி ஏதோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு வாயே வரவில்லை. அன்று அம்மாவுக்காக அண்ணிதான் பேசினாள்.

அப்பா வீட்டுக்கு வந்து இரண்டொரு நாளில் அண்ணி ஒரு தாளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கும் அண்ணன் போனில் கத்தினான். “நம்ம வீட்டு விஷயத்த எதுக்கு அந்தப் பெட்டிக்குள்ள போடுற? அதான் சரியாயிடுச்சே. உன் வேலைக்கே உலை வெச்சுக்காத.” நானும் அவன் கட்சிதான். அம்மாவை ஊர் வாயில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

“நம்ம மாமாவுக்கு நான் இருந்தேன், நாடி பிடிச்சுப் பாத்தேன். பேச்சு வராத இன்னொருத்தர் வீட்டுல யாரு இருப்பா?” என்றாள் அண்ணி. ஆனால் எழுதி முடித்ததும் நேராகப் பெட்டிக்குப் போகவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, முழுவதையும் வாசித்துக் காட்டினாள்.

நோயாளிக்குப் பேச நேரம் பிடிக்கும் என்று எழுதியிருந்தாள். டாக்டர் அறையிலும் ஜன்னலிலும் உடன் வந்தவரே பதில் சொன்னார். நோயாளி வாய் திறந்ததைக் கண்டும், கேள்வி கேட்டவர்கள் காத்திருக்கவில்லை. மருந்து கொடுத்தவர் அந்த வீட்டு மருமகள் என்பதால் மாமியாரை நிறுத்தத் தயங்கினார். உடன் வந்தவர் தன் நோயைத் தன் பெயரில் சொல்லத் தயங்கினார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். “பொய் சொன்னேன்னு எழுதலியா?”

“தயங்கினாங்கன்னு எழுதியிருக்கேன் அத்தை.”

“அது பொய்தானம்மா.”

“யார் மேல தப்புன்னு கேக்கறதுக்கு இந்தத் தாள்ல இடமே கிடையாது. ரெண்டு பேரும் தயங்கினோம். அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, கிழிச்சுடறேன்.”

அம்மா தாளை வாங்கி, எழுத்துகளின் மேல் கையால் ஒருமுறை தடவினாள். “போடு” என்றாள். எழுந்து போய் அடுப்படியில் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அண்ணிக்கு வேலை போகவில்லை. தாளைப் படித்த டாக்டர் தானே ஜன்னலுக்கு வந்து, “காத்திருக்காதவங்க கணக்குல என்னையும் சேத்துக்கம்மா” என்றாராம். “சேத்துதான் எழுதியிருக்கேன் டாக்டர், கேட்டவர்கள்னு” என்று இவள் சொல்ல, அவர் சிரித்துவிட்டுப் போனாராம். இப்போது அவர் அறையில் ஒவ்வொருவராகத்தான் உட்கார வைக்கிறார், கணினியில் ஒருவர் பக்கத்தை மூடிய பிறகே அடுத்தவருடையதைத் திறக்கிறார். ஜன்னலுக்கு மேல் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். ‘முழுங்குகிறவர் சொல்லட்டும். மற்றவர்கள் காத்திருக்கட்டும்.’ வாசகம் அண்ணியுடையதுதான். கைக்குழந்தைக்கு என்ன செய்வது என்று ஒருவர் விதண்டாவாதம் செய்தார். முழுங்க வைக்கிறவர் சொல்லலாம் என்று அண்ணி ஒத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் நான்தான் இருவரையும் அழைத்துப்போனேன். முதலில் அப்பா. அண்ணி ஒவ்வொரு அட்டையாக வைத்தாள், விரலால் அழுத்தினாள், கேட்டாள். அப்பா பழக்கதோஷத்தில் அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு பலகையைப் படிப்பதுபோல் நின்றாள். அப்பாவின் உதடு அசைந்தது. பின்னால் ஒருவர் ‘ச்சு’ கொட்டினார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், என் வேனில் சத்தம் போடுகிற பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை. அவர் பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

“பிரஷருக்கு” என்றார் அப்பா. அடுத்ததற்கு, “ரத்தம்... கட்டாம இருக்க.” ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசி அட்டையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, அவர் தோளில் பழைய கண்டக்டர் பை தொங்குகிறதோ என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் அம்மா. அம்மாவின் பெயரில் ஒரு சீட்டு, ஒரே ஒரு அட்டை. அண்ணி அதை ஜன்னல் பலகையில் வைத்தாள்.

“இது எதுக்கு அத்தை?”

இத்தனை வருஷம் எல்லோருக்கும் பதில் சொன்ன அம்மா, மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விழித்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பதில் தெரியும், எல்லோருக்கும் முன்னால் தெரிந்தவர் அவர்தான். அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.

“நீ... சொல்லு.”

அண்ணி காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது.

“எனக்கு” என்றாள் அம்மா. “எனக்கு முடியலம்மா. நெஞ்சு அடிச்சுக்குது. ராத்திரியெல்லாம் பயமா இருக்கு.”

அண்ணி அட்டையிலிருந்து விரலை எடுத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை வாசல்வரை நின்றது. ஒருவரும் ‘ச்சு’ கொட்டவில்லை.